படுத்துப்போன வில்

வில்வண்டி என்னும் சொல்லை நம்மில் பெரும்பாலோர் பழைய தமிழ்த் திரைப்படங்களில்தான் கேட்டிருப்போம். ஊர்ப் பெரியவர் ஒருவர் மெத்தையில் சாய்ந்தபடி வருவார். காளைகளின் கழுத்து மணி ஒலிக்கும். வேலையாள்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். அந்த வண்டியில் வில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வளைந்த கூண்டைக் காட்டுகிறவர்களே அதிகம். வில் இருப்பது வண்டியின் அடியில். அச்சுக்கும் வண்டித் தட்டுக்கும் நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்த எஃகுப் பட்டைகள்தாம் அந்த வில். மேடுபள்ளத்தில் சக்கரம் குதித்தால் அந்தக் குதிப்பைப் பட்டைகள் வாங்கிக்கொள்ளும். மேலே இருப்பவரின் இடுப்பு தப்பிக்கும். நெல் மூட்டை ஏற்றும் கட்டை வண்டிக்கு இந்த வசதி கிடையாது. மூட்டைக்கு இடுப்பு வலிக்காது அல்லவா!

இந்த விளக்கம் எனக்கு அகராதியிலிருந்து கிடைக்கவில்லை. ஈப்போ, புந்தோங்கில் உள்ள என் மாமாவின் பட்டறையில், 1967ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காடி ஒன்றின் அடியில் படுத்துக் கிடந்தபோது தாத்தா சொல்லக் கேட்டது. (மகிழுந்து என்று எழுதலாம்தான். ஆனால் மாமா சிரிப்பார். பட்டறையில் அது காடி. இக்கட்டுரையிலும் காடியாகவே இருக்கட்டும்.)

அது எம்.ஜி.பி. என்னும் வகை. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட காடி. இரண்டு பேர் உட்காரலாம். கூரையைக் கழற்றிவிட்டுக் காற்றாடப் போகலாம். பார்க்கச் சிறுத்தையைப் போல இருக்கும். ஆனால் பின்பக்கம் குனிந்து பார்த்தால் நம் வில்வண்டியேதான்! இடமும் வலமுமாக இரண்டு பட்டை வில்கள். அவற்றின் முதுகில் அச்சு உட்கார்ந்திருக்கும். அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பதும் அந்த இரண்டு வில்கள்தாம். வேறு கம்பி, தண்டு எதுவும் கிடையாது. பட்டறைகளில் இதை லீஃப் ஸ்பிரிங் என்பார்கள். தாத்தா மட்டும் வில் என்பார். அவருடைய அப்பா தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த சொல் அது. கொள்ளுத்தாத்தா தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர்.

காடியின் உரிமையாளர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய தந்தையார் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரெசராக இருந்தவர். 1970களில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது அந்தக் காடியை டிரெசருக்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறார். நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அது ஓடியதைவிட நின்றதே அதிகம். ஆனால் நின்றாலும் வில்லின் மேல் பாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். போன ஆண்டு விடுமுறையில் நான் பட்டறையில் மாமாவுக்கு ஒத்தாசையாக இருந்தபோது சார் அதை ஓட்டிக்கொண்டு வந்தார். முன்பக்கம் நிமிர்ந்து, பின்பக்கம் குந்தியபடி வந்தது. பட்டறை வாசலில் உள்ள சிறு வாய்க்கால் மூடியின் மேல் ஏறியபோது பின் அச்சு உடம்பில் இடித்த சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

"வில் படுத்துருச்சு" என்றார் தாத்தா, நாற்காலியிலிருந்து எழாமலேயே.

தாத்தாவுக்கு 82 வயது. பட்டறையில் அவருக்கு வேலை எதுவும் கிடையாது. காலையில் பசியாறிவிட்டு வந்து உட்காருவார். உச்சி வெயிலில் வீட்டுக்குப் போவார். ஆனால் மாமா எந்தப் பெரிய காடியைப் பிரித்தாலும் கண் அந்த நாற்காலியின் பக்கம் ஒரு தடவை போய் வரும். அதை நான் பல நாள் கவனித்திருக்கிறேன்.

முதலில் அளக்கச் சொன்னார். சமமான சிமெண்டுத் தரையில் காடியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை எவ்வளவு உயரம் என்று அளந்தேன். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட இரண்டரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. "ஓட்டுறவன் உட்கார்ற பக்கம். எப்பவும் அதுதான் முதல்ல படுக்கும்" என்றார். தோட்டத்து லேண்ட் ரோவரில் இதற்காகவே இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு வில் வரும் என்றும், ஓட்டுநர் பக்கத்து வில்லில் வளைவு கூடுதலாக இருக்கும் என்றும், புது ஆள்கள் இடம் மாற்றிப் பூட்டிவிட்டுக் காடி ஏன் சாய்கிறது என்று விழிப்பார்கள் என்றும் சொன்னார். பிறகு நான் படித்துப் பார்த்தேன். பழைய லேண்ட் ரோவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் இரு வகை வில்கள் இருந்திருக்கின்றன.

இதற்குப் பின்தான் மாமாவுக்கும் தாத்தாவுக்கும் வாக்குவாதம் வந்தது. மாமா, இங்கிலாந்திலிருந்து புதிய வில் ஒரு சோடி வரவழைத்துவிடலாம் என்றார். தாத்தாவோ மெங்லெம்புவில் லாரி வில் அடிக்கும் சீனத் தவுக்கேயிடம் கொடுத்து மறுபடி வளைத்து வாங்கலாம் என்றார். வில் கனமான பொருள். அதைக் கப்பலிலோ விமானத்திலோ கொண்டுவரும் செலவைக் கேட்டதும் சாரின் முகமும் சற்றுப் படுத்துப்போனது.

"வில்லுல சக்தி போயிருச்சுப்பா, வளைச்சாலும் நிக்காது" என்றார் மாமா.

"சக்தி எங்கடா போவும்? வடிவம்தான் போயிருக்கு. இரும்பு செத்துப் போவல."

நான் படிப்பது இயந்திரப் பொறியியல். இந்த ஒரு வாக்கியம் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் தாத்தா சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அதுவும் பல பட்டறைக்காரர்களுக்கே தெரியாத சரி. ஒரு வில் எவ்வளவு விறைப்பானது என்பதைக் கணக்கிடும் சூத்திரம் எங்கள் பாடநூலில் உண்டு. அதில் எஃகின் இழுவிசைக் கெழு வரும், பட்டைகளின் எண்ணிக்கை வரும், அகலம் வரும், நீளம் வரும், தடிமன் வரும். வளைவு வரவே வராது! பல ஆண்டுகள் பாரம் தாங்கிய எஃகு கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரமாக வளைந்துகொடுத்துவிடுகிறது. அதனால் அது நிற்கும் உயரம் குறைகிறது. ஆனால் இன்னும் நூறு கிலோ ஏற்றினால் எவ்வளவு இறங்குமோ, அந்த அளவு ஏறக்குறையப் புது வில்லைப் போலவேதான் இருக்கும். இராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை நாம் இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். பாரத்துக்கு ஏற்ற நீட்சி என்பதுதான் அது. அந்த விதி படுத்துப்போன வில்லுக்கும் பொருந்தும். வில் வேறோர் உயரத்திலிருந்து தொடங்குகிறது, அவ்வளவே.

சூத்திரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. தடிமன் அதில் மும்மடியாக வருகிறது. ஒரு பட்டை துருப்பிடித்துப் பத்தில் ஒரு பங்கு மெலிந்தால் விறைப்பு பத்தில் ஒரு பங்கு குறையாது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். அதாவது வளைவு போன வில்லைக் காப்பாற்றலாம். மெலிந்த வில்லைக் காப்பாற்ற முடியாது. மறுநாள் காலையில் இதைச் சொன்னபோது தாத்தா, "அதான், கழட்டிப் பாருங்கன்னு சொல்றேன்" என்றார். சூத்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தாத்தா இதையெல்லாம் எங்கே கற்றார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவர் 1944ஆம் ஆண்டில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. சுங்கை சிப்புட் வட்டாரம் அப்போது அமைதியான இடமாக இல்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அங்கே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. தாத்தாவின் சிறு வயது முழுவதும் முள்கம்பி வேலிக்குள்ளேயே கழிந்தது. அவசரகாலம் முடிந்த அதே ஆண்டில், 16 வயதில், தோட்டத்து இயந்திரப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தார். லேண்ட் ரோவர், பால் ஏற்றும் லாரி, டிராக்டர், ஆலையில் இரப்பர் பிழியும் உருளைகள், மின்சாரம் தரும் இயந்திரம் என எல்லாமே அந்தப் பட்டறையில்தான் பழுது பார்க்கப்பட்டன. தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரி வில் அடிக்கடி உடையும். உதிரிப்பாகம் வர நாள் ஆகும். ஆகவே உடைந்த பட்டையைக் கழற்றி, பழைய வில்லிலிருந்து இன்னொரு பட்டையை வெட்டி, உலையில் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடியும் மிதமாகச் சூடேற்றி ஆறவைத்துப் பூட்டுவார்கள். எண்ணெயில் முக்கியதோடு விட்டால் பட்டை கண்ணாடியைப் போல உடையும். இரண்டாவது சூடுதான் அதற்கு மறுபடி வளையக் கற்றுக்கொடுக்கும். முதல் சூடு ஏறக்குறைய 850 முதல் 900 டிகிரி, இரண்டாவது அதில் பாதியளவு என்று என் நூல் சொல்கிறது. தாத்தாவுக்கு டிகிரி தெரியாது. பழுத்த ஆரஞ்சு நிறம் வந்தால் எடு என்பார்.

இப்படி 36 ஆண்டுகள். 1996ஆம் ஆண்டில் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பேராக்கில் அப்படிப் போன தோட்டம் ஒன்றிரண்டு அன்று. யாருடைய தாத்தாவைக் கேட்டாலும் ஒரு பெயர் சொல்வார். ஆள்களுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கொடுத்தார்கள். 1980ஆம் ஆண்டு விதிமுறையின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். அப்போதுதான் தாத்தா தம் பெயர் செக்ரோலில் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். பிட்டர் என்று இல்லை. முதல் நாள் தொடங்கி கடைசி நாள் வரை வெளிக்காட்டு வேலையாள். காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுப்பார். பிறகு பட்டறைக்குப் போவார். கணக்கில் அவர் புல் வெட்டியிருக்கிறார், உரம் போட்டிருக்கிறார். நாள் சம்பளமும் அதற்கு உரியதுதான். கிராணியிடம் கேட்டதற்கு, பட்டறைக்கு அனுமதிக்கப்பட்ட ஆள் இரண்டே பேர், மற்றவர்கள் எல்லாம் வெளிக்காட்டுக் கணக்கு என்று பதில் வந்ததாம்.

நாள் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 20 நாள், 36 ஆண்டு, ஆக 3,600 வெள்ளி. இழப்பீட்டில் மட்டும் அவ்வளவு. 36 ஆண்டுகள் மாதாமாதம் குறைந்த சம்பளம், அதற்கேற்பக் குறைந்த சேமநிதி என்று கணக்குப் போட்டால் தொகை எங்கோ போகிறது. ஆனால் தாத்தா பேசும்போது பணத்தைச் சொல்ல மாட்டார். ஈப்போவில் பட்டறை பட்டறையாக ஏறி வேலை கேட்டபோது, எங்கே வேலை செய்தாய், தாள் இருக்கிறதா என்று கேட்டதைத்தான் சொல்வார். தாள் இருந்தது. அதில் புல் வெட்டுகிறவர் என்று இருந்தது. 52 வயதில் ஒரு பேரங்காடியில் காவலாளி வேலைக்குப் போனார். அன்றைக்கு மாமாவுக்கு 17 வயது. ஒரு சீனரின் பட்டறையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தார்.

இனி வில்லுக்கு வருவோம்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, வில்லின் முன் கொக்கிக்குச் சற்று முன்னால் உடம்பின் அடியில் ஸ்டாண்டு கொடுத்தோம். ஜாக்கி அச்சைத் தாங்கி நின்றது. சக்கரம், ஷாக் அப்சார்பரின் இணைப்புக் கம்பி, அச்சு அதிகம் தொங்காமல் பிடிக்கும் வார், பிறகு அச்சையும் வில்லையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகள் என வரிசையாகக் கழன்றன. மாட்டிக்கொண்டது முன் கண் போல்ட்டு. வில்லின் முன் முனையில் ஒரு வளையம் உண்டு. அதற்குக் கண் என்று பெயர். கண்ணுக்குள் ஓர் இரப்பர் புஷ், அதற்குள் ஓர் இரும்புக் குழாய், அதற்குள் போல்ட்டு. ஐம்பது ஆண்டு மழைநீர் குழாயையும் போல்ட்டையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது. ஸ்பேனரால் திருகினால் போல்ட்டு சுற்றும். ஆனால் இரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். மாமா கேஸ் அடுப்பை எடுத்தார். தாத்தா முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். பெட்ரோல் தொட்டி பின்னால்தான் இருக்கிறது, பிரேக் குழாய் அச்சில் ஓடுகிறது, நெருப்பைக் கிட்டே கொண்டுவராதே என்று கத்தினார். இரண்டு மணி நேரம் இரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தோம். ஒரு போல்ட்டுக்கு இரண்டு மணி நேரம்! வலப்பக்கத்துக்கும் அதே கதை.

வில்களை வெளியே போட்டு, நடு போல்ட்டைக் கழற்றிப் பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தோம். தாத்தா ஒவ்வொரு பட்டையையும் ஒரு கயிற்றில் தொங்கவிடச் சொல்லிச் சின்னச் சுத்தியலால் தட்டினார். நல்ல பட்டை கோயில் மணியைப் போல நீளமாகப் பாடும். வலது வில்லின் இரண்டாம் பட்டை 'டொக்' என்றது. அழுக்கைத் துடைத்துப் பார்த்தால், நடு போல்ட்டு போகும் துளையிலிருந்து பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். இடது வில்லின் நெடும்பட்டையில் வெர்னியரை வைத்தேன். அச்சின் பிடிக்குள் இருந்த இடத்தில் 5.6 மில்லிமீட்டர். துரு தின்ற இடத்தில் 5.0. மும்மடிக் கணக்கில் அந்த இடத்தின் விறைப்பு ஏறக்குறைய 29 விழுக்காடு போயிருந்தது.

"தூக்கிப் போடு. புதுசு வாங்கு" என்றார் தாத்தா.

முந்தின நாள் அவ்வளவு வாதாடியவர் இப்படிச் சட்டென்று சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. மாமாவோ வெற்றி பெற்றவரைப் போல நடந்துகொள்ளவில்லை. "நான் சொன்ன காரணம் வேற, இவரு சொல்ற காரணம் வேற" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

புதிய வில் வரும்வரை மூன்று வாரம் காடி ஸ்டாண்டில் நின்றது. அந்த நாள்களில் சார் ஒருமுறை ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். இங்கிலாந்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் இன்ன காடி இன்ன தேதியில் கட்டி முடிக்கப்பட்டது, என்ன நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருகிறார்கள். உதிரிப்பாகங்களும் அப்படித்தான். கட்டுவதை நிறுத்தி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வில், புஷ், போல்ட்டு எல்லாம் புதிதாகக் கிடைக்கின்றன. 1988 முதல் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

தாத்தா அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எண்களை மட்டும் வாசித்திருப்பார். "நல்லா எழுதி வச்சிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் சொன்னார். நான்தான் அன்றிரவு வீட்டில் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து அவருடைய சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பெயர், எண், நாள்கள், வெள்ளி, காசு. ஒரு சீட்டில்கூட லாரி என்றோ வில் என்றோ ஒரு சொல் இல்லை.

புதிய வில்களோடு புதிய இரப்பர்களும் வந்தன. முன் கண்ணுக்கு ஒரு புஷ், பின்னால் ஊசலாடும் ஷேக்கிளுக்குப் புஷ்கள், அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே வைக்கும் தட்டையான திண்டுகள். ஒரு வில்லைச் சுற்றி இத்தனை இரப்பரா என்று நான் கேட்டேன். "பின்ன எதுக்குடா நாங்க பால் வெட்டுனோம்?" என்றார் தாத்தா. வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் அதில் பொய் இல்லை. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து விக்ஹம் கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் எஞ்சிய ஒரு மரம் அங்கே மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அது அதிகத் தொலைவில்லை. இன்றைக்குச் செயற்கை இரப்பர் எத்தனையோ வகை வந்துவிட்டாலும், ஓயாமல் நெளிந்து வளைய வேண்டிய புஷ், திண்டு போன்றவற்றுக்கு இயற்கை இரப்பரே இன்னும் விரும்பப்படுகிறது. பாலியூரித்தேன் புஷ்ஷும் கிடைக்கும். எண்ணெய் பட்டாலும் கெடாது. ஆனால் விறைப்பு அதிகம், கிறீச்சிடும். சாரிடம் மாமா இரண்டையும் சொன்னார். சார் இரப்பரே வேண்டும் என்றார். அவருடைய அம்மா பால் வெட்டியவராம்.

பூட்டும்போது இரண்டு இடத்தில் கவனம் தேவை. வில்லின் நடு போல்ட்டின் தலை, மேலே உள்ள அச்சின் திண்டுத் துளைக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் யூ போல்ட்டை இறுக்கிவிட்டால் அச்சு கோணலாக நிற்கும். காடி நண்டைப் போலப் பக்கவாட்டில் ஓடும். இரண்டாவது, கண் போல்ட்டுகளையும் ஷேக்கிள்களையும் காடி தூக்கி நிற்கும்போது இறுக்கவே கூடாது. கையால் திருகி விட்டுவிட வேண்டும். சக்கரத்தைப் பூட்டி, காடியைத் தரையில் இறக்கி, முழுப் பாரமும் வில்லின் மேல் வந்த பிறகுதான் இறுதி இறுக்கம். முன் கண் புஷ்ஷில் இரப்பர் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கிறது. வில் தொங்கும் நிலையில் இறுக்கினால், காடியை இறக்கும்போதே இரப்பர் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கோடு ஆயுள் முழுக்க நிற்க வேண்டியதுதான். சில மாதங்களில் கிழியும். இறக்கிய நிலையில் இறுக்கினால் இரப்பருக்கு இயல்பு நிலை அதுவே. மேலே போனாலும் கீழே போனாலும் பாதி முறுக்குதான். அவசரப்பட்டு மேலேயே இறுக்கிவிடும் பட்டறைகள் ஈப்போவில் நிறைய உண்டு. வாடிக்கையாளர் பார்ப்பதில்லையே! மாமா, தரையில் இறக்கிய காடியின் அடியில் தவழ்ந்து போய், இடம் போதாமல் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிவிட்டு வந்தார்.

எழுந்து நின்று பார்த்தால் காடியின் பின்பக்கம் பூனை முதுகைத் தூக்கியது போல நின்றது. அளந்தேன். பழைய இடப்பக்க உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் கூடுதல். சாருக்கு முகம் விழுந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து தவறான வில்லை அனுப்பிவிட்டார்களோ என்றார். நியாயமான சந்தேகம்தான். 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டத்துக்காக எம்.ஜி.பி.யின் உயரத்தைக் கூட்டினார்கள்; அந்த உயரமான காடிகளுக்கு வில் வேறு. மாமா பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைச் சரிபார்த்தார். பழைய வகைக்கு உரியதுதான். "புது வில் அப்படித்தான் நிக்கும். உட்கார விடுங்க" என்றார் தாத்தா. பக்கத்து வீட்டில் கச்சாங் பூத்தே வறுக்கும் அண்ணனிடமிருந்து கடலை மூட்டை இரண்டு இரவல் வாங்கிப் பின் பெட்டியில் ஏற்றி, சாரையே ஓட்டச் சொன்னோம். புந்தோங்கிலிருந்து சுங்கை சிப்புட் வரைக்கும் பழைய சாலையில் போய்த் திரும்பினார்கள். தாத்தாவும் கூடப் போனார். திரும்பி வந்து, காற்று அதிகம், காது வலிக்கிறது என்றார்.

சில நூறு கிலோமீட்டருக்குப் பின் யூ போல்ட்டு நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இரப்பர்த் திண்டு அமுங்கி அவை தளர்ந்திருக்கும். அதற்காக ஒரு மாதம் கழித்து சார் வந்தபோது திரும்பவும் அளந்தேன். ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர். வாசலில் உள்ள வாய்க்கால் மூடியில் ஏறும்போது சத்தம் இல்லை.

பழைய வில்களை சார் எடுத்துப் போகவில்லை. விரிசல் விட்ட பட்டையையும் துருப்பிடித்த பட்டைகளையும் மாமா பழைய இரும்புக்குப் போட்டார். வலது வில்லின் நெடும்பட்டை மட்டும் மணியைப் போலப் பாடியது அல்லவா? அதைத் தாத்தா போடவிடவில்லை. நல்ல வில் எஃகில்தான் நல்ல பாராங் வரும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இப்போது ஈப்போவில் உலை வைத்திருப்பவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் பின்னால் தாமே ஓர் உலை கட்டிவிடலாம், கரி மட்டும் வாங்கிக் கொடு என்கிறார். மாமா வேண்டாம் என்கிறார். பக்கத்து வீட்டில் கடலை வறுக்கும் புகையே போதுமாம். பட்டை இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அடுத்த விடுமுறைக்கு நான் போகும்போது கரி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.